பேண்ட் சாஃப்ட்வேர் வாசிக்க, நீங்கள் பாட: பாட்டு யாருக்குச் சொந்தம், காசு எப்படி வரும்?

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பக்கம் எங்கள் மொட்டை மாடி அறை. கடைசி எலக்ட்ரிக் டிரெயின் போன பிறகுதான் மைக்கை ஆன் செய்வோம். கானா எழுதும் பையன்கள் வருவார்கள். டோலக்குக்கு ஆள் இருக்கிறது. கிட்டார், பேஸ், பியானோவுக்கு இல்லை. பேண்ட்-இன்-எ-பாக்ஸ் என்ற சாஃப்ட்வேரில் சி, ஏ மைனர், எஃப், ஜி என்று கார்ட்ஸை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) டைப் அடித்து ஒரு ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தால் மொத்த பேண்டும் வாசித்துவிடும். உடனே கேள்வி வரும்: “அண்ணா, இத வெச்சு காசு பாக்கலாமா?”

பார்க்கலாம். இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் லைசென்ஸைப் படியுங்கள். பேண்ட்-இன்-எ-பாக்ஸ், ஆப்பிளின் இசை சாஃப்ட்வேரான கராஜ்பேண்ட் இரண்டிலும் செய்த பாட்டை விற்கலாம், ராயல்டி கட்ட வேண்டாம். ஆனால் அதிலுள்ள லூப்பை (முன்பே வாசித்து வைத்த சின்ன இசைத் துண்டை) தனியாக எடுத்து விற்கக் கூடாது.

அடுத்தது மெட்டு. நம் பக்கம் அதிகம் சறுக்குவது இங்கேதான். சினிமா மெட்டில் புது வரி போட்டுப் பாடுவது கானாவில் காலங்காலமாக நடப்பது. மேடையில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் வரி மட்டும்தான் உங்களுடையது, மெட்டு வேறொருவர் சொத்து. அனுமதி இல்லாமல் அதை வெளியிடாதீர்கள். சொந்த மெட்டு போடுங்கள். நாலு கார்ட்ஸ் யாருக்கும் தனிச் சொத்து இல்லை, அதன் மேல் நீங்கள் முனகும் ராகம்தான் உங்கள் சொத்து.

அப்புறம் பங்கு. வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் சட்டப்படி தனித்தனி உரிமைகள். யாருக்கு எத்தனை சதவீதம் என்று ரெக்கார்டிங் அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து போடுங்கள். நண்பர்கள்தானே என்று விடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஐயாயிரம் ரூபாய்க்கு “எல்லா உரிமையும் கொடுத்தேன்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அவனுக்கு நான் சொன்னது இதுதான்: காப்பிரைட் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, உரிமையையே எழுதிக் கொடுத்தாலும் பாடலாசிரியர், இசையமைப்பாளருக்குச் சேர வேண்டிய ராயல்டி பங்கை விட்டுக்கொடுக்க முடியாது, வாங்கியவரோடு சரிபாதி. அந்தப் பங்கை வசூலித்துத் தருவது ஐபிஆர்எஸ் சங்கம். பாட்டு வெளியானதும் அதில் உறுப்பினராகச் சேருங்கள்.

காப்பிரைட் பதிவு கட்டாயமில்லை, பாட்டு உருவானதுமே உரிமை வந்துவிடும். சாட்சிக்கு வேண்டுமென்றால் இசைக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2000 ரூபாய் கட்டிப் பதியலாம்.

இனி வெளியீடு. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் எல்லாவற்றுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது பாட்டை அந்தத் தளங்களில் ஏற்றித் தரும் நிறுவனம், வழியாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சியையும் அவர்களே தருவார்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 முறையாவது ஓடினால்தான் காசு.

டிஸ்ட்ரிபியூட்டரின் ஃபாரத்தில் “கன்டென்ட் ஐடி” என்று ஒரு கட்டம் இருக்கும். யூடியூப் வீடியோக்களில் உங்கள் ஒலி இருக்கிறதா என்று தானாகத் தேடும் ஏற்பாடு அது. சாஃப்ட்வேர் லூப் கலந்த பாட்டுக்கு அதை டிக் செய்யாதீர்கள். அதே லூப்பை உலகத்தில் எத்தனையோ பேர் வாங்கி வைத்திருப்பார்கள். உங்கள் பெயரில் அவர்கள் வீடியோ மேல் கிளெய்ம் (“இது என் பாட்டு” என்ற உரிமைகோரல்) விழும். எங்கள் பாட்டு மேலேயே அப்படி ஒன்று விழுந்தது. லைசென்ஸ் பக்கம், வாங்கிய ரசீது, தேதியோடு இருந்த புராஜெக்ட் ஃபைல் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு டிஸ்ப்யூட் (மறுப்பு) போட்டோம். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள். அதற்குள் கிளெய்மை எடுத்துவிட்டார்கள். அதனால் மிக்ஸ் முடிந்ததும் புராஜெக்ட் ஃபைலை அழிக்காதீர்கள். பென் டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று போட்டு வையுங்கள்.