வர்ஜினியா சிட்டியின் பழைய புகைப்படங்களுக்குக் காலம் கணிப்பது எப்படி?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், டேவிட்சன் மலையின் கிழக்குச் சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் வர்ஜினியா சிட்டி அமைந்திருக்கிறது. 1859இல் காம்ஸ்டாக் வெள்ளிப் படிவு கண்டறியப்பட்டதும் எழுந்த இந்தச் சுரங்க நகரத்தில், 1880ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வசித்தனர். 2010இல் அந்த எண்ணிக்கை ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. இந்நகரத்தின் பழைய படங்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைத்தாலும், அவற்றில் பல ஆண்டுக் குறிப்பின்றி, ‘பேய் நகரம்’, அதாவது மக்கள் கைவிட்டுப்போன ஊர், என்ற ஒற்றை அடையாளத்தோடு பகிரப்படுகின்றன. நகரம் உழைப்பில் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் எடுத்த படத்துக்கும் அதே அடையாளத்தைச் சூட்டுவது அங்கே வாழ்ந்தவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். ஆகவே, படத்துக்குள் இருக்கும் சான்றுகளைக் கொண்டே அதன் காலத்தை நெருங்கும் வழியைப் புதியவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

படி 1: நல்ல பிரதியைப் பெறுங்கள்

சமூக ஊடகங்களில் சுற்றும் சிறிய பிரதிகளில் ஓரங்கள் வெட்டப்பட்டிருக்கும். பெயர்ப்பலகைகளும் தெளிவாக இரா. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பில் இந்நகரத்தின் 19ஆம் நூற்றாண்டுப் படங்கள் பல உள்ளன. கிடைப்பவற்றுள் மிகப் பெரிய கோப்பை, இயன்றால் நுண்விவரங்கள் குறையாத டிஃப் (TIFF) வடிவில், இறக்கிக்கொள்ளுங்கள். தலைப்பு சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தால், அது படத்திலேயே எழுதப்பட்டிருந்ததன்று, நூலகத்தார் பின்னர் இட்டது என்று பொருள். அந்த வேறுபாட்டையும் படத்தின் பதிவு எண்ணையும் உடனே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: இடவலத்தையும் திசையையும் உறுதிசெய்யுங்கள்

எதிர்ப்படத்தை (நெகட்டிவ்) திருப்பிப்போட்டு அச்சிட்டிருந்தால் நகரமே இடவலம் மாறிவிடும். கடைப் பெயர்ப்பலகையின் எழுத்துகள் நேராக உள்ளனவா என்று முதலில் பாருங்கள். அதன்பின் மலையைத் தேடுங்கள். மலை நகரத்துக்கு மேற்கே நிற்பதால், அது இடப்புறம் தெரிந்தால் படமெடுத்தவர் வடக்கு நோக்கியும், வலப்புறம் தெரிந்தால் தெற்கு நோக்கியும் நின்றிருக்கிறார். கிழக்கு பார்த்த சுவர்களில் வெயில் நேராக விழுந்திருந்தால் அது முற்பகலில் எடுத்த படம்.

படி 3: தெருவின் வெறுமையை நம்பாதீர்கள்

1860களிலும் 1870களிலும் வேதிப்பொருள் பூசிய கண்ணாடித் தகட்டை ஈரம் காயுமுன் பயன்படுத்திப் படமெடுக்கும் ஈரத் தகடு முறையே வழக்கில் இருந்தது. ஒரு படம் பதிவாகப் பல விநாடிகள் ஆகலாம் என்பதால், நடந்து சென்றவர்களும் ஓடிய வண்டிகளும் புகைபோல மங்கிவிடுவார்கள், அல்லது முற்றிலும் மறைந்துவிடுவார்கள். ஆளரவமற்றது போல் தோன்றும், நகரின் முதன்மைத் தெருவான சி தெருவின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: நடைபாதையில் நிழல்போன்ற கறைகளும், அசையாமல் நின்ற ஓரிருவர் மட்டும் தெளிவாகவும் தெரியக்கூடும். தெரு வெறுமையாகத் தெரிவதை வைத்து ஊர் கைவிடப்பட்டது என்று முடிவுசெய்வதே புதியவர்கள் இப்படங்களில் அதிகம் தடுமாறும் இடம்.

படி 4: கட்டடங்களைக் கொண்டு மேல், கீழ் எல்லைகளை வரையுங்கள்

இதுவே முறையின் உயிர்நாடி என்பதால், இதற்குத்தான் நேரத்தை மிகுதியாகச் செலவிட வேண்டும். படத்தில் உள்ள ஒவ்வொரு கட்டடமும் ‘இந்த ஆண்டுக்கு முன் இருக்க முடியாது’ அல்லது ‘இந்த ஆண்டுக்குப் பின் இருக்க முடியாது’ என்று ஒரு வரம்பைத் தருகிறது.

1875 அக்டோபர் 26 அன்று நேர்ந்த பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழித்தது. ஆகவே தீக்கு முந்தைய நகரமா, பிந்தைய நகரமா என்பதே முதற் கேள்வி. தெற்கு முனையில், சாய்ந்த பக்கங்கள் கொண்ட பிரெஞ்சு பாணிக் கூரையோடு நான்கு மாடிகளில் நிற்கும் நான்காம் வட்டப் பள்ளி 1876இல் கட்டப்பட்டது. அது தெரிந்தால் படம் தீக்குப் பிந்தையது. ஆறு மாடி இன்டர்நேஷனல் ஹோட்டல் 1877இல் திறக்கப்பட்டு 1914இல் எரிந்துபோனது. அது ஒன்றே இரு எல்லைகளையும் தந்துவிடுகிறது. பைப்பர் நாடக அரங்கு 1883இல் எரிந்து 1885இல் மீண்டும் எழுந்தது. ரயில் நிற்கும் படம் 1870க்கு முந்தையதாக இருக்க முடியாது, ஏனெனில் வர்ஜினியா–டிரக்கி ரயில்பாதை அவ்வாண்டில்தான் நகரத்தை எட்டியது.

தேவாலயக் கோபுரத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. புனித மரியாள் ஆலயம் தீயில் அழிந்தபின் மீண்டும் கட்டப்பட்டது. எனவே கோபுரம் தெரிகிறது என்பது மட்டும் போதாது, அதன் வடிவத்தைக் காலம் உறுதியான வேறொரு படத்தோடு ஒப்பிட வேண்டும்.

கட்டடம் எதுவென்று தெரியாதபோது சான்பார்ன் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடங்களைப் பாருங்கள். அவற்றில் செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பாகவும் மரக் கட்டடம் மஞ்சளாகவும் கல் கட்டடம் நீலமாகவும் காட்டப்பட்டிருக்கும்.

படி 5: மலைச்சரிவையும் நிலத்தடியையும் படியுங்கள்

சரிவில் மரமே இல்லாதது இயற்கையன்று. அங்கிருந்த பின்யான் பைன், ஜூனிப்பர் மரங்கள் விறகுக்காக வெட்டித் தீர்க்கப்பட்டன. 1860இல் சுரங்கப் பொறியாளர் பிலிப் டைடஸ்ஹைமர் வகுத்த முறைப்படி சுரங்கத்தின் உள்ளே பெட்டி பெட்டியாக அடுக்கிய கனத்த மரச்சட்டங்களுக்கு டாஹோ ஏரிப் பகுதிக் காடுகள் வரை வெட்டப்பட்டன. மொட்டைச் சரிவும் அதில் பரவிய கழிவுக்கல் மேடுகளும் சுரங்கத் தொழிலின் உச்சக் காலத்தைச் சுட்டலாம். ஆனால் இது துணைச் சான்று மட்டுமே.

நிலத்தடிப் படங்களுக்கு டிமோத்தி ஓ’சல்லிவன் எடுத்தவற்றிலிருந்து தொடங்குங்கள். கிளாரன்ஸ் கிங்கின் நில ஆய்வுக் குழுவோடு வந்த அவர், 1867–68 குளிர்காலத்தில் பல நூறு அடி ஆழத்தில் மக்னீசியத்தை எரித்து அந்த ஒளியில் படமெடுத்தார். இடிந்த பகுதியில் நொறுங்கிக் கிடக்கும் சட்டங்களைக் காட்டும் அவருடைய படத்தைப் பார்க்கும்போது, வெள்ளியை வெட்டியெடுத்தவர்கள் எத்தகைய கூரையின் கீழ் நின்றார்கள் என்பது விளங்கும்.

படி 6: அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

ஒரே காட்சியின் இரு படங்களை அருகருகே ஒட்டி, கருவி வழியே முப்பரிமாணமாகப் பார்க்கும் இரட்டைப் பட அட்டை தட்டையாக இல்லாமல் வளைந்திருந்தால், அது ஏறத்தாழ 1880ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ தயாரானது. அஞ்சலட்டையின் பின்புறம் முகவரிக்கும் செய்திக்குமாக இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தால் அது 1907இலோ அதற்குப் பின்னோ வந்தது. பழைய தகட்டிலிருந்து பல ஆண்டுகள் கழித்தும் அச்சிட்டார்கள் என்பதால், இவை அட்டையின் வயதையே சொல்லும்.

படி 7: விளக்கவுரையை எழுதுங்கள்

கண்ட சான்றையும் நீங்கள் ஊகித்ததையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். எடுத்துக்காட்டாக: “வர்ஜினியா சிட்டி, வடக்கு நோக்கிய தோற்றம். இன்டர்நேஷனல் ஹோட்டல் தெரிவதால் 1877–1914. மோட்டார் வண்டியோ மின்கம்பமோ தென்படாததால் இந்த இடைவெளியின் முற்பகுதியாக இருக்கலாம்.” இதன்கீழ் மூலத் தலைப்பை எழுத்து மாறாமல் சேர்த்து, பதிவு எண்ணையே கோப்பின் பெயராக வைத்துக்கொண்டால், அடுத்து வருபவர் உங்கள் கணிப்பை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த முடியும்.