வாடகை அறைக்கு மலிவான இன்சூரன்ஸ்: மேல்வீட்டுக் குழாய் சொல்லித் தந்தது

அமெரிக்காவில் கேம்பஸுக்கு வெளியே குடிபோனபோது, வீட்டுக்காரரின் இன்சூரன்ஸ் போதாதா என்றுதான் நானும் நினைத்தேன். மேல்வீட்டுக் குழாய் உடைந்து லேப்டாப் நனைந்த பிறகுதான் புரிந்தது: அவருடைய பாலிசி கட்டடத்துக்கு மட்டும், என் பொருளுக்கு அல்ல.

அதற்கு வாடகைக்கு இருப்பவரே தனியாக இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். எவ்வளவுக்கு எடுப்பது என்று தெரிய, முதலில் அறையை ஒரு வீடியோ எடுத்து, பொருள்களின் விலையைக் கூட்டுங்கள். எனக்கு 6,000 டாலர்கூடத் தேறவில்லை. 30,000 டாலர் கவரேஜ் எதற்கு?

டிடக்டிபிள் என்பது இழப்பில் நம் கையிலிருந்து போகும் பங்கு. அதை 1,000 டாலராக வைத்தால் பிரீமியம் குறையும், சரி. ஆனால் 900 டாலர் லேப்டாப் போனால் ஒரு காசு வராது. நான் 500 வைத்தேன்.

அப்புறம், தேய்மானம் கழிக்காமல் புதுப்பொருள் விலையே தரும் பாலிசியா என்று கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் செலவுதான். நாலு வருடப் பழைய லேப்டாப்புக்கு அதுதான் கைகொடுக்கும்.

பெற்றோருக்கு அங்கேயே வீட்டு பாலிசி இருந்தால், அது உங்கள் அறைக்கும் செல்லுமா என்று முதலிலேயே விசாரியுங்கள். கார் இன்சூரன்ஸ் கம்பெனியிடமே சேர்த்து எடுத்தால் பெரும்பாலும் தள்ளுபடி உண்டு. ரூம்மேட்டின் பாலிசியில் உங்கள் பெயர் இல்லையென்றால் அதை நம்ப வேண்டாம். வெள்ளச் சேதம் பொதுவாக வாடகை அறை இன்சூரன்ஸில் சேராது.