தஹியா கரியோக்காவின் ஆட்டத்தைப் பார்ப்பது எப்படி

பழைய எகிப்தியப் படத்தில் வரும் பெல்லி டான்ஸ் ஒன்றை யூடியூபில் போட்டுவிட்டு, "என்ன இது, இந்தம்மா நின்ற இடத்திலேயே நிற்கிறாரே" என்று இரண்டே நிமிடத்தில் மூடியிருக்கிறீர்களா? நானும் மூடியிருக்கிறேன். அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். என் சிபாரிசு எகிப்திய நடனக்காரியும் நடிகையுமான தஹியா கரியோக்கா. நகைச்சுவை நடிகர் நஜீப் அல் ரிஹானியோடு அவர் நடித்து 1946-ல் வந்த 'லேபெத் எல் சித்' படத்தில் தொடங்கலாம்.

முதல் தடவை திரையைப் பார்க்கவே வேண்டாம், கேளுங்கள். தபலா காதில் விழும். எகிப்தில் தபலா என்றால் நமக்குத் தெரிந்த ஜோடித் தபலா இல்லை, மடியில் சாய்த்து வைத்து வாசிக்கும் கோப்பை வடிவ ஒற்றைக் கொட்டு. நடுவில் அடித்தால் 'டும்', விளிம்பில் தட்டினால் 'தக்'. அடிக்கடி வரும் மக்ஸூம் என்ற தாளம் 'டும் தக்... தக் டும்... தக்' என்று போகும். மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள், நாலைந்து சுற்றில் கை பிடித்துக்கொள்ளும்.

இரண்டாம் தடவை இடுப்பை மட்டும் பாருங்கள், முகத்தை விட்டுவிடுங்கள் (கஷ்டம்தான், அந்தச் சிரிப்பு அப்படி). டும் எங்கே விழுகிறது, இடுப்பு எங்கே இறங்குகிறது என்று சேர்த்துப் பார்த்தால், கீழே இத்தனை நடக்கும்போதும் தோள் அசையாமல், தலையில் தண்ணீர்க் குடம் இருந்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாது என்பதுபோல் அவர் நிற்பது அப்போதுதான் கண்ணில் படும். சிறுவனாக கெய்ரோவில் இவரை நேரில் பார்த்த பாலஸ்தீன எழுத்தாளர் எட்வர்ட் சயீத், பல வருடம் கழித்து 1990-ல் எழுதிய கட்டுரையில் வியந்ததும் இந்தக் குறைந்த அசைவைத்தான். நடுவில் தபலா ஓய்ந்து ஊத் என்ற நரம்பு வாத்தியமோ நை என்ற புல்லாங்குழலோ தனியாக ஒலிக்கும் இடம் வரும், அதற்கு தக்ஸீம் என்று பெயர், நம் ஆலாபனை மாதிரி. அங்கே தாளத்தைத் தேடாதீர்கள், உடம்பும் தேடாது.

அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க அதே காலத்து நடனக்காரி சமியா கமால். பாடகர் ஃபரீத் அல் அத்ராஷுடன் 1949-ல் நடித்த 'அஃப்ரீத்தா ஹானெம்' போதும். இவர் மேடை முழுக்க மிதந்து போவார், கை காற்றில் எழுதும். இத்தனைக்கும் இருவரும் ஒரே இடத்தில் தேறியவர்கள்: பதியா மஸாப்னி என்ற நடனக்காரி 1926-ல் கெய்ரோவில் திறந்த கேளிக்கை அரங்கு. வீட்டுக் கல்யாணத்தில் கொஞ்ச இடத்தில் ஆடிய ஆட்டத்தை அகலமான மேடைக்கு ஏற்றபடி விரித்ததிலும், மேல்நாட்டு, லத்தீன் நடனங்களை அதில் கலந்ததிலும் பதியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. தஹியாவின் பெயரில் ஒட்டிக்கொண்ட கரியோக்காவே ஒரு பிரேசில் நடனத்தின் பெயர்தான்.

அவர் வாழ்க்கையைத் தேடினால் எத்தனை கல்யாணம் என்ற கணக்குதான் முதலில் வரும். தாண்டிப் போங்கள். இஸ்மாயிலியாவில் பிறந்தவர், 1950-களில் அரசியலுக்காகச் சிறைக்குப் போனவர், 1956-ல் 'ஷபாப் இம்ராஆ' படத்தில், வாடகைக்கு வந்த மாணவனை வளைத்துப்போடும் வீட்டுக்காரியாக நடித்தவர். அந்தப் படம் பிரான்சின் கான் திரைப்பட விழா வரை போனது. ஆட்டத்தை நிறுத்திய பிறகும் மேடை நாடகம், சினிமா என்று நடித்துக்கொண்டிருந்து 1999-ல் கெய்ரோவில் இறந்தார்.

இன்னொன்று: 1950-களுக்குப் பிந்தைய நடனக் காட்சிகளில் வயிற்றின்மேல் மெல்லிய வலைத்துணி தெரிந்தால் அதை ஃபேஷன் என்று நினைத்துவிடாதீர்கள், திறந்த வயிறோடு ஆடக்கூடாது என்று அரசு போட்ட விதி அது.

சரி, கடைசிச் சுற்று. சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டு தஹியாவின் காட்சியை மறுபடி ஓடவிடுங்கள், இடுப்பைப் பார்த்தே டும் எங்கே என்று மேசையில் தட்டிக்கொண்டு போங்கள், இடையிடையே சத்தத்தைத் திறந்து சரிபாருங்கள். நான் முதல் தடவை பாதியிலேயே தொலைத்துவிட்டேன். நான் ஓங்கி ஒரு டும் தட்டிய இடத்தில் அவர் சும்மா நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.