தூக்கம் வராதவர்களுக்கு இணையவழி சிபிடி-ஐ: எப்படித் தொடங்குவது?

வாரத்தில் 3 இரவுகளாவது தூக்கம் வராமல் தவிப்பது 3 மாதங்களுக்கு நீடித்தால், அது நாள்பட்ட தூக்கமின்மை. இதற்கு மாத்திரையை விட முதலில் தர வேண்டியது சிபிடி-ஐ எனும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2016-இல் பரிந்துரைத்தது. அதை நேரில் அளிக்கப் பயிற்சி பெற்றவர்கள் எங்கும் குறைவு. அந்தக் குறையை இணையவழித் திட்டங்கள் ஓரளவு தீர்க்கின்றன. பிரிட்டனின் ஸ்லீப்பியோ கேள்விப்பட்ட பெயராக இருக்கலாம். அமெரிக்கப் படைவீரர் நலத்துறையின் இன்சோம்னியா கோச் செயலி இலவசம், ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

இத்தகைய திட்டங்கள் கற்றுத்தரும் ஐந்து படிகள் கீழே. தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. வலிப்பு நோய், இருமுனை மனநோய், குறட்டையோடு மூச்சு அடைபடும் தொல்லை உள்ளவர்களும், வாகனம் ஓட்டுவதே தொழிலாகக் கொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

1. குறிப்பேடு

ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், உத்தேசமாக எப்போது கண்ணயர்ந்தீர்கள், நடுவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று காலையில் எழுதுங்கள். இரவில் கடிகாரம் பார்த்து எழுதினால் இருக்கிற தூக்கமும் போய்விடும்.

2. கணக்கு

சிகிச்சையின் உயிர்நாடி இதுதான். இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 6.30-க்கு எழுகிறீர்கள், படுக்கையில் எட்டரை மணி நேரம். தூங்கியது சராசரி ஐந்தரை மணி நேரம். 330 நிமிடத்தை 510-ஆல் வகுத்தால் சுமார் 65 சதவீதம். இதுவே தூக்கத் திறன். இதை 85-க்கு மேல் கொண்டுவர வேண்டும்.

3. படுக்கை நேரத்தைச் சுருக்குதல்

தூக்கமே வராதவரிடம் குறைவாகப் படு என்பது கொடுமையாகத்தான் தோன்றும். ஆனால் பசித்தவனுக்குத்தானே சோறு இறங்கும்? எழும் நேரத்தை 6 மணி என்று நிலைநிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே 6. அதிலிருந்து ஐந்தரை மணி நேரம் பின்னோக்கி எண்ணினால் நள்ளிரவு 12.30. அதற்கு முன் படுக்கக் கூடாது. எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் 5 மணி நேரத்துக்குக் கீழே சுருக்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரங்கள் பகலில் கண் சொக்கும், எரிச்சல் வரும். பலர் விட்டுவிடுவது இங்கேதான். அந்த நாட்களில் வண்டி ஓட்டுவதைத் தவிருங்கள்.

ஒரு வாரச் சராசரி 85 சதவீதத்தைத் தாண்டினால் 15 நிமிடம் முன்னதாக, அதாவது 12.15-க்குப் படுக்கலாம். 80-க்கும் குறைந்தால் 15 நிமிடம் தள்ளிப்படுங்கள். இடையில் இருந்தால் மாற்றம் வேண்டாம்.

4. எழுந்துவிடுதல்

ஏறக்குறைய 20 நிமிடம் புரண்டும் தூக்கம் வரவில்லையா? எழுந்து மங்கலான வெளிச்சத்தில் எதையாவது படியுங்கள். கண்ணைச் சுழற்றும்போது மட்டும் திரும்புங்கள். ரிச்சர்ட் பூட்ஸின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் முன்வைத்த முறை இது. ஒரே அறையில் குடும்பமே படுக்கும் வீடுகளில், போய் உட்கார ஒரு நாற்காலியை முன்கூட்டியே கூடத்தில் போட்டுவையுங்கள்.

5. மனக்கணக்கு

“இன்று தூங்காவிட்டால் நாளை வேலையே ஓடாது” என்று தோன்றினால் அதை எழுதுங்கள். மறுநாள் மாலை, வேலை உண்மையில் எப்படி நடந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

காபி, செல்பேசி பற்றிய அறிவுரைகளும் இணையவழித் திட்டங்களின் பாடத்தில் வரும். அவை மட்டும் இந்த நோய்க்குப் போதாது. ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தாதீர்கள். குறைப்பதை மருத்துவர் முடிவுசெய்யட்டும்.