மொட்டை மாடியிலிருந்து விண்வெளி நிலையத்தைக் கேட்க

முதலில் 437.800 மெகாஹெர்ட்ஸில் தொடங்குங்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் ரிப்பீட்டர் (பொழுதுபோக்கு வானொலியாளர்களின் குரலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) இயங்கும்போது, அவர்களின் குரல்கள் அதில்தான் இறங்கும். என் நங்கநல்லூர் மாடியில் இருப்பது எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் சிறு வானொலி ஏற்பி), ரிச்சி தெருவில் வாங்கிய கேபிள், அப்புறம் பிவிசி குழாயில் இரும்பு அளவு டேப்பைக் கட்டிய யாகி ஆண்டெனா (ஒரு திசையை நோக்கிக் கேட்பது). அனுசாட் செயற்கைக்கோளைச் செய்த சென்னையில் இதற்கு மேல் தயங்க வேண்டியதில்லை!

நிலையம் நம் வானத்தைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் ஒரு பாஸ். அடிவானத்திலிருந்து 40 பாகைக்கு மேல் ஏறும் பாஸைத் தேர்ந்தெடுங்கள்; தாழ்ந்தவற்றை அடுக்குமாடிகள் மறைத்துவிடும்.

டாப்ளர்தான் முக்கியம், அதாவது நிலையத்தின் வேகத்தால் நமக்குக் கேட்கும் அலைவெண் மாறுவது. நிலையம் நெருங்கும்போது சிக்னல் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே இருக்கும், விலகும்போது அதே அளவு கீழே போகும். எனவே 437.810-இல் காத்திருந்து, 5 கிலோஹெர்ட்ஸ் படிகளாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். உச்சியைக் கடக்கும்போது மாற்றம் வேகமாக இருக்கும், அங்கே கை தாமதிக்கக் கூடாது. குரல் மங்கினால் மணிக்கட்டைத் திருப்பி, படுக்கையாக இருக்கும் ஆண்டெனாவைச் செங்குத்தாக்குங்கள்.