மூட்டுக்கு மீளுருவாக்க ஊசி: சம்மதிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

முழங்கால் வலிக்காக மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "ஜவ்வு தேய்ந்துவிட்டதாம்" என்பதுதான். பேச்சுத் தமிழில் இந்த ஒரு சொல்லுக்குச் சுமை அதிகம். எலும்பு முனையை வழவழப்பாக மூடியிருக்கும் குருத்தெலும்பும் ஜவ்வு. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையில் பிறை வடிவில் கிடக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வு. எலும்பை எலும்போடு கட்டும் தசைநாரும் ஜவ்வு. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டும் ஜவ்வு. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணையும் சிலர் இதிலேயே சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் இவை ஒவ்வொன்றும் ஆறும் விதம் வேறு, ஆறாமல் போவதற்கான காரணமும் வேறு. எனவே பி.ஆர்.பி. (சொந்த இரத்தத்தின் தட்டணுச் செறிவு), ஸ்டெம் செல் போன்ற, பழுதான திசுவைச் சீராக்குவதாகச் சொல்லப்படும் மீளுருவாக்கச் சிகிச்சை ஒன்று உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டால், ஊசியைப் பற்றிக் கேட்பதற்கு முன்பாக, எந்தத் திசு, எந்த இடத்தில், எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்டு, அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நோயைப் பெயரோடும் நிலையோடும் அறிதல்

முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது நின்ற நிலையில் எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. இரண்டு எலும்புகளுக்கு இடையிலான வெற்றிடமாகவே அது படத்தில் பதிவாகும். படுத்தபடி எடுத்த படத்தில், தேய்ந்த மூட்டிலும் இந்த இடைவெளி போதுமான அளவு இருப்பதுபோலத் தோன்றக்கூடும். உடல் எடை இறங்கி அழுத்தும்போதுதான் உண்மை நிலை தெரியும். கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1957-இல் வகுத்த அளவுகோலின்படி மூட்டுத் தேய்மானத்தை 0 முதல் 4 வரை நிலை பிரிக்கிறார்கள். இரண்டாம் நிலையில் எலும்பு விளிம்பில் சிறு முளைகள் திட்டவட்டமாகத் தெரியும். நான்காம் நிலையில் இடைவெளி பெருமளவு மறைந்து, எலும்பு முனைகளின் வடிவமே மாறியிருக்கும். "கொஞ்சம் தேய்மானம்" என்று கேட்டுக்கொண்டு வராமல், உங்கள் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று எண்ணாகவே கேளுங்கள். பின்னால் வரும் எல்லா முடிவுகளும் அந்த எண்ணைச் சார்ந்தவை.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் படிக்கும்போது சற்று நிதானம் வேண்டும். நடுவயதினரையும் முதியோரையும் கொண்டு நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியோ விறைப்போ இருந்ததில்லை. அறிக்கையில் "கிழிசல்" என்று இருப்பதாலேயே உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. எந்த இடத்தில் அழுத்தினால் வலிக்கிறது, எவ்வளவு மடக்கினால் வலிக்கிறது, படி ஏறும்போதா இறங்கும்போதா என்பதையெல்லாம் படத்தோடு பொருத்திப் பார்த்த பிறகே காரணம் உறுதியாகும். மூட்டின் மீது விரல் வைத்து அழுத்திப் பார்க்காமல், அறிக்கையை மட்டும் புரட்டிவிட்டு ஊசிக்கு நாள் குறிப்பவரிடம் தலையாட்டிவிட வேண்டாம்.

சில அறிகுறிகள் இருந்தால் மீளுருவாக்கம் பற்றிய பேச்சையே ஒத்திவைத்துவிட்டு உடனே மருத்துவ உதவி பெற வேண்டும். காய்ச்சலோடு மூட்டு சூடாகி வீங்குவது, காலை ஊன்றவே முடியாமல் போவது, முழங்கால் பாதியில் பூட்டிக்கொள்வது, ஓய்விலும் இரவிலும் குறையாத எலும்பு வலியோடு உடல் மெலிவது, முதுகு வலியோடு சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு குறைவது ஆகியவை அவ்வகை.

எது தானாக வளரும், எது வளராது

நம் உடலில் உண்மையாகவே மீளுருவாகும் திசுக்களில் ஒன்று எலும்பு. முறிந்த இடத்தில் கசியும் இரத்தம் உறைந்து, சில வாரங்களில் அங்கே மென்மையான இணைப்புத் திசு உருவாகி, அது கெட்டி எலும்பாக மாறி, பிறகு பல மாதங்களாகச் செதுக்கப்பட்டுப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. தோலில் காயம் ஆறினால் தழும்பு மிஞ்சும். எலும்பு நன்றாகக் கூடினால் அந்த இடத்தில் மீண்டும் எலும்பே இருக்கும். புகைப்பழக்கமும் கட்டுப்பாடற்ற நீரிழிவும் இந்த வேலையைத் தாமதப்படுத்துகின்றன. முறிவு கூடாமலே நின்றுவிட்டால், இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து நோயாளியின் சொந்த எலும்பையே சுரண்டி எடுத்து அங்கே வைக்கும் முறை நெடுங்காலமாகப் பயனில் இருக்கிறது. மீளுருவாக்கச் சிகிச்சை என்ற பெயர்ப்பலகை இல்லாததாலோ என்னவோ, இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. எலும்புக்குள் இருக்கும் ஒரு பொருள் புதிய எலும்பைத் தூண்டுகிறது என்று அமெரிக்க எலும்பியல் மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் 1965-இல் காட்டினார். அந்த வழியில் உருவான எலும்பு தூண்டும் புரதம் ஒன்று 2002-இல் அமெரிக்காவில் முதுகெலும்பு இணைப்பு அறுவைக்கு அனுமதி பெற்றது.

தொடை எலும்பின் தலைக்கு, அதாவது இடுப்பு மூட்டுக்குள் பொருந்தும் உருண்டை முனைக்கு, இரத்த ஓட்டம் நின்று எலும்பு சாகும் நோயில் காலம்தான் எல்லாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்தும் மிகுந்த மதுப்பழக்கமும் இதன் முக்கியக் காரணங்களில் சேரும். எலும்புத் தலை உருண்டையாக இருக்கும்வரை, அதில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்து, இடுப்பெலும்பு மஜ்ஜையின் செறிவை உட்செலுத்தும் முயற்சிக்குப் பொருள் உண்டு. தலை அமுங்கித் தட்டையாகிவிட்ட பிறகு அதே சிகிச்சையை எதிர்பார்ப்பது வீண்.

குருத்தெலும்பின் கதை நேர் எதிரானது. அதில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை. பெரிய மூட்டுகளில் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே. நடக்கும்போது ஸ்பஞ்சு போல அமுங்கி விரிந்து மூட்டு நீரிலிருந்து அது உணவைப் பெறுகிறது. இரத்தம் வராத இடத்துக்குப் பழுது பார்க்கும் அணுக்களும் வருவதில்லை. அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று உடற்கூறியல் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1743-இலேயே எழுதிவிட்டார். தேய்ந்து முடிந்த மூட்டில் ஓர் ஊசியால் புதுக் குருத்தெலும்பை வளர்க்க முடியும் என்று நிறுவப்பட்ட சிகிச்சை இன்றும் இல்லை. விளம்பரங்களில் அப்படி ஒரு வாசகத்தைக் கண்டால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

ஊசிக்குழலில் இருப்பது என்ன

பி.ஆர்.பி. என்பது உங்கள் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் தட்டணுச் (பிளேட்லெட்) செறிவு. கையின் இரத்தக் குழாயிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 60 மில்லிலிட்டர் வரை இரத்தம் எடுத்து, குழாயில் இட்டு இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றுவார்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா, இரண்டுக்கும் நடுவே காகிதத் தடிப்பில் ஒரு வெளிறிய படலம் என மூன்று அடுக்குகள் தெரியும். அந்தப் படலத்திலும் அதையொட்டிய பிளாஸ்மாவிலும்தான் தட்டணுக்கள் செறிந்திருக்கின்றன. சாதாரண இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும் தட்டணுக்கள் இதில் பல மடங்காகும். அவை வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் திசுவின் அழற்சியைத் தணித்து அது ஆறுவதைத் தூண்டும் என்பது இதன் பின்னுள்ள கருத்து. ஆனால் எத்தனை மடங்கு, வெள்ளையணுக்களைச் சேர்ப்பதா நீக்குவதா, எத்தனை ஊசி என்பவை இடத்துக்கு இடம் மாறுகின்றன. ஆகவே ஒருவருக்குப் பலித்த பி.ஆர்.பி.யும் உங்களுக்குப் போடப்போகும் பி.ஆர்.பி.யும் ஒரே மருந்தாக இருக்க வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவில் முழங்கால் தேய்மானம் தொடக்க, நடு நிலைகளில் இருந்த 288 பேரிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. ஒரு பாதியினருக்கு வாரம் ஒன்றாக மூன்று பி.ஆர்.பி. ஊசிகள், மறு பாதியினருக்கு அதேபோல வெறும் உப்புநீர். ஓராண்டுக்குப் பின், 10 புள்ளி வலி அளவில் முதல் குழுவுக்கு 2.1 புள்ளியும் உப்புநீர்க் குழுவுக்கு 1.8 புள்ளியும் வலி குறைந்திருந்தன. குருத்தெலும்பின் கன அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உப்புநீருக்கே இவ்வளவு நிவாரணம் என்பதை ஒருகணம் நின்று யோசிக்க வேண்டும்: ஊசி போட்டபின் வலி குறைந்தது என்று ஒருவர் சொல்வது பொய்யல்ல, ஆனால் அது மருந்தின் வேலைதான் என்பதற்கு அதுவே சான்றாகாது. வேறு சில ஆய்வுகளில் பி.ஆர்.பி.க்குச் சாதகமான முடிவுகளும் வந்துள்ளதால் விவாதம் தொடர்கிறது. இருப்பினும் அமெரிக்க வாதநோயியல் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல், முழங்கால், இடுப்புத் தேய்மானத்துக்குப் பி.ஆர்.பி.யும் ஸ்டெம் செல் ஊசியும் வேண்டாம் என்றே உறுதியாகப் பரிந்துரைத்தது. முழங்கை வெளிப்புறத் தசைநாண் வலிக்கான ஆய்வுகளை 2021-இல் தொகுத்து மதிப்பிட்ட, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழுவும் பயன் இருப்பதாகக் காணவில்லை.

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறோம். குருத்தணு போட்டால் குருத்தெலும்பு முளைக்கும் என்று தோன்றவைப்பதில் இந்தச் சொல் ஒற்றுமைக்கும் பங்கு உண்டு. உண்மையில் இரண்டுக்கும் அப்படியோர் உறவு இல்லை. எலும்பு மஜ்ஜையின் உட்கருவுள்ள அணுக்களில், பத்தாயிரத்தில் ஒன்று முதல் லட்சத்தில் ஒன்று வரையே, மூட்டு ஊசிகளில் பேசப்படும் மீசன்கைமல் என்ற வகைக் குருத்தணுக்கள். 1991-இல் இந்த அணுக்களுக்குப் பெயர் சூட்டிய அமெரிக்க உயிரியலாளர் ஆர்னல்ட் கேப்லனே, இவை புதுத் திசுவாக மாறுவதைவிடச் சமிக்ஞை அனுப்பும் வேலையையே செய்கின்றன என்று கூறி, 2017-இல் பெயரை மாற்றும்படி கேட்டுக்கொண்டார். மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகிய மூன்று மூலங்களிலிருந்து எடுத்த அணுக்களைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டு 2023-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் மூன்றில் எதுவும் ஸ்டீராய்டை விஞ்சவில்லை. பிறர் உடலிலிருந்து எடுத்துப் புட்டியில் வரும் பொருள்களில் தொற்று அபாயமும் உண்டு. 2018-இல் அமெரிக்காவில் தொப்புள்கொடி இரத்தப் பொருளை ஏற்றிக்கொண்ட 12 பேர் பாக்டீரியா தொற்றோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

குருத்தெலும்பு அணுக்களை எடுத்து ஆய்வகத்தில் பெருக்கி மீண்டும் பதிக்கும் முறை வேறு வகை. 1994-இல் ஸ்வீடன் மருத்துவர்கள் வெளியிட்ட இது, விபத்தில் ஓரிடத்தில் மட்டும் குழி விழுந்த இளம் வயது மூட்டுக்கு உரியது. மூட்டு முழுதும் தேய்ந்தவருக்குப் பொருந்தாது.

முதலில் பன்னிரண்டு வாரம்

எந்த ஊசிக்கும் முன்பாக, 12 வாரம் முறையான உடற்பயிற்சியை முடித்திருக்கிறீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இயன்முறை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் தொடங்குவது சிறந்தது. நாற்காலியின் முன் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை இடுப்பகலத்தில் ஊன்றி, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முழங்கால் உள்நோக்கிச் சாயாமல் எழுந்து, எழுந்ததைவிட மெதுவாக அமருங்கள். உட்காரும்போது கடைசி சாண் தூரத்தில் தொப்பென்று விழுந்தால் தொடைத் தசை வலுவிழந்திருக்கிறது என்று பொருள். அப்போது இருக்கையை ஒரு தலையணை வைத்து உயர்த்திக்கொண்டு பழகலாம். பயிற்சியின்போது வரும் மிதமான வலி மறுநாளுக்குள் பழைய அளவுக்குத் திரும்பினால் தொடரலாம். திரும்பாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். உடல் எடை கூடுதலாக இருப்பவர் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. இத்தகைய கணக்கை எந்த ஊசியும் இதுவரை காட்டவில்லை.

ஊசியை முடிவு செய்தால்

இவ்வளவுக்கும் பிறகு, தேய்மானம் இரண்டாம் மூன்றாம் நிலையில் இருந்து, பயிற்சியால் போதிய பயன் கிட்டாமல், வலி குறையலாம் என்ற அளவுக்கு மட்டும் எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டு ஒருவர் பி.ஆர்.பி.யை முயன்று பார்ப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். நான்காம் நிலையில் கால் வளைந்துவிட்டவர் அதே பணத்தையும் மாதங்களையும் இதில் செலவிடுவதைவிட, மூட்டு மாற்று அறுவை பற்றி நேர்மையாகப் பேசித் தெளிவடைவது மேல்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன், என் நோய் நிலைக்கு இந்தச் சிகிச்சை நாட்டின் மருத்துவ ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி பெற்றதா அல்லது ஆய்வு நிலையில் இருக்கிறதா, பொருள் என் உடலிலிருந்தா வேறு எங்கிருந்தா, ஸ்கேன் பார்த்து ஊசி செலுத்துவீர்களா, பயன் தராவிட்டால் அடுத்து என்ன என்று கேளுங்கள். ஆய்வு என்று சொல்லிவிட்டு அதற்குக் கட்டணமும் கேட்டால் காரணத்தை விளக்கச் சொல்லுங்கள். இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து, நீரிழிவு, தட்டணுக் குறைவு, அண்மைத் தொற்று, புற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவற்றில் எதையும் மறைக்க வேண்டாம். அழற்சி குறைக்கும் வலி மாத்திரைகள் தட்டணுவின் வேலையைக் குறைக்கக்கூடும் என்பதால், பி.ஆர்.பி.க்குச் சில நாள் முன்பும் சில வாரம் பின்பும் அவற்றை நிறுத்தச் சொல்வது வழக்கம். இதயத்துக்காக எடுக்கும் ஆஸ்பிரினை மட்டும் இதய மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தக்கூடாது. ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாள் வலியும் வீக்கமும் கூடுவது இயல்பு, பாரசிட்டமால் போதும். காய்ச்சல் வந்தாலோ, வலி நாளுக்கு நாள் ஏறினாலோ, அன்றே திரும்பச் செல்ல வேண்டும்.

ஊசிக்கு முந்தைய வாரத்திலேயே ஒரு குறிப்பேட்டில் மூன்று எண்களை எழுதி வையுங்கள்: 10-க்கு வலி எவ்வளவு, நிற்காமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது, 30 வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது. அதே மூன்றையும் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் முந்தைய பக்கத்தைப் பார்க்காமல் எழுதுங்கள். எண்கள் அசையவில்லை என்றால், "இன்னொரு சுற்று போட்டால் பிடித்துக்கொள்ளும்" என்று யார் சொன்னாலும் அந்தப் பக்கங்களை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.