கிருமி எதிர்ப்பு ரப்பர் செய்யணுமா? பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன்

பேராசிரியருக்குப் போன் போடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து நாலு விஷயம் எழுதுங்கள்: எந்தக் கிருமி, எந்தப் பொருளின் மேல், எவ்வளவு நேரத்தில் சாக வேண்டும், அந்த இடம் ஈரமா காய்ந்ததா. மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கம் ரப்பர் பாயும் கையுறையும் செய்கிற சின்னப் பட்டறைக்காரர்கள் இதை எழுதாமல் "கிருமி ஒட்டாத பாய் வேணும் சார்" என்று போய் நின்றால், கொஞ்ச நாளில் அவருக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை கிடைக்கும், உங்களுக்குக் கிடைப்பது அதன் நகல்தான்.

நாலில் கடைசிக் கேள்விதான் பெரியது. பிளாஸ்டிக், ரப்பர் போன்றவற்றுக்கு வழக்கமாகச் செய்வது ஐஎஸ்ஓ 22196 என்ற சர்வதேசத் தரநிலைச் சோதனை: 5 செ.மீ. சதுரத் துண்டின் மேல் கிருமி கலந்த நீரை விட்டு, மெல்லிய படலத்தால் மூடி, 35 டிகிரி வெப்பத்தில் நல்ல ஈரப்பதத்தோடு 24 மணி நேரம் வைத்து எண்ணுவார்கள். கிளினிக் வாசலில் கிடக்கும் பாய் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும், மேலே செம்மண் வேறு. அட்டையில் 99% கிருமி சாகும் என்று போடுவது பொய்யில்லை, ஆனால் அது உங்கள் பாயின் கதையும் இல்லை. அதனால் அந்தச் சோதனையோடு உங்கள் இடத்தைப் போல, காய்ந்த, அழுக்குப் பட்ட நிலையில் இன்னொரு சோதனையும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், யாரிடம் போவது? கிருமி தெரிந்தவர் ஒருவர், ரப்பர் தெரிந்தவர் ஒருவர், இரண்டு பேரும் வேண்டும். வெள்ளி என்றதும் எல்லோரும் துள்ளுவார்கள், ஆனால் நம் ரப்பர் பெரும்பாலும் கந்தகம் போட்டு வேகவைத்தது, வெள்ளி அதோடு சேர்ந்து சல்பைடாகிக் கறுத்துப்போகும், கிருமியைக் கொல்லும் வேகமும் குறையும். வீட்டு வெள்ளி விளக்கு கறுக்கிற அதே சங்கதி. இதை முதல் நாளே சொல்லக்கூடியவர் ரப்பர்காரர்தான். அவரை நிபோங் தெபாலில் இருக்கும் யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்திலோ சுங்கை பூலோவில் இருக்கும் ரப்பர் வாரிய ஆய்வு நிலையத்திலோ தேடலாம். கிருமிப் பக்கத்துக்கு நம்ம ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது.

மலேசியக் கையுறை நிறுவனமான ஹார்த்தலேகா 2018-இல் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்த கையுறையைப் பற்றிப் பலர் கேட்பார்கள். அதில் வெளிச்சம் பட்டால் ஒரு சாயம் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தூண்டிவிட்டுக் கிருமியைக் கொல்கிறது. நல்ல யோசனை, ஆனால் உங்கள் சரக்கு இருட்டு மூலையில் கிடக்குமானால் உதவாது. மறுபடி அந்தத் தாளைப் பாருங்கள்.

ஒப்பந்தம். உங்கள் கலவை விகிதத்தைச் சொல்வதற்கு முன் ரகசியக் காப்புத் தாளில் கையெழுத்து வாங்குங்கள், இதில் வெட்கமே வேண்டாம். கட்டுரை வெளிவரும் முன் உங்களுக்குக் காட்ட வேண்டும், காப்புரிமைக்கு விண்ணப்பிக்கச் சில வாரம் அவகாசம் வேண்டும் என்று எழுதுங்கள். மலேசியச் சட்டத்தில், விண்ணப்பிக்கும் முன் ஓராண்டுக்குள் நாமே வெளியிட்டது காப்புரிமையைக் கெடுக்காது, ஐரோப்பாவில் அப்படி இல்லை, அங்கே விற்கிற எண்ணம் இருந்தால் கட்டுரை முந்திக்கொண்டால் போச்சு. அதற்காக எதையும் வெளியிடவே கூடாது என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், ஆய்வு மாணவருக்குப் பட்டம் அதில்தான் இருக்கிறது. தோல்வியடைந்த சோதனைகளின் எண்களும் உங்கள் கைக்கு வர வேண்டும், அதையும் எழுத்தில் போடுங்கள்.

பணம் குறைவென்றால் கூட்டு ஆய்வு என்று பெரிதாகத் தொடங்காமல், காசு கொடுத்து ஒரு சோதனை மட்டும் செய்து பாருங்கள். ஆள் எப்படி, அறிக்கை சொன்ன நாளில் வருகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மருத்துவமனைக்கான கையுறை என்றால் 2012 மருத்துவச் சாதனச் சட்டப்படி பதிவு செய்த பிறகுதான் விற்கலாம், அதனால் அந்தப் பதிவுக்கு எந்தச் சோதனை அறிக்கை செல்லும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மாதிரி அனுப்பும்போது கிருமிநாசினி கலக்காத துண்டுகளையும் அதே நாளில், அதே கலவையில், அதே அச்சில் செய்து சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது, கட்டிய காசுக்கு ஒரு எண் மட்டும்தான் வரும்.